அப்பத்தாவின் வாழ்க்கையைப் புத்தகமாக்க நினைப்பவர்களுக்கு: இறப்புப் பதிவிலிருந்து தலைத்திவசம் வரை

எங்கள் அப்பத்தா 2024 மாசி 20-ஆம் தேதி தவறிப்போனார். 85 வயது நிறைந்திருந்தது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில் கடலோரத்து ஊர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 65 வருஷத்துக்கு மேல் அதே வீடு, அதே அடுப்படி, வாசலில் கருவாடு காயப்போடும் அதே மணல்தான். தலைத்திவசத்துக்கு, அதாவது முதல் வருஷத் திதிக்கு, வருகிறவர்கள் கையில் அவருடைய வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமாகக் கொடுக்க வேண்டும் என்று கருமாதி முடிந்த அன்று ராத்திரி பேத்திகள் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்தோம். பதினொரு மாதம் கையில் இருந்தும் கடைசி மூன்று வாரம் தூக்கமில்லாமல் ஓடித்தான் முடித்தோம். எதை முதலில் செய்ய வேண்டும், எதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்ல ஆளில்லாததுதான் காரணம். உங்கள் வீட்டிலும் அப்பத்தாவோ அம்மாச்சியோ சமீபத்தில் தவறியிருந்தால், வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதல் வாரம்: போனையும் பெட்டியையும் யாரும் தொடக் கூடாது

துக்க வீட்டில் நாலாவது நாளே யாராவது ஒருவர் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடுவார். நல்ல மனதோடுதான் செய்வார்கள், ஆனால் அதில்தான் முக்கால்வாசிப் பொருள் போய்விடும். எங்கள் வீட்டில் அப்பத்தாவின் பழைய சேலைகளை ஏழாம் நாளே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் கருவாட்டுக் கூடைக்குக் கீழே தலையில் வைத்த சும்மாட்டுத் துணி அந்த மூட்டையோடு போய்விட்டது. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அவருடைய போனை ஒரு ஆள் பொறுப்பில் வாங்கி வையுங்கள். சிம் கார்டுக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடக்கும் எண்ணைக் கம்பெனி முடக்கிவிடலாம், பிறகு அது வேறு யாருக்காவது போய்விடும். வாட்ஸாப் கணக்கும் 120 நாள் சும்மா கிடந்தால் அழிக்கப்படும். அவர் அனுப்பிய குரல் பதிவுகள் பேரப்பிள்ளைகளின் போன்களிலும் இருக்கும், எல்லாரிடமும் கேட்டு வாங்கி ஒரே இடத்தில் சேருங்கள். எங்களுக்கு 31 கிடைத்தன. பெரும்பாலும் "சாப்டியா, எப்ப வர்ற" என்பதுதான், ஆனால் ஒன்றில் பின்னால் கச்சான் காற்று அடிக்கும் சத்தமும் அவர் வெற்றிலை இடிக்கும் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. அது ஒன்றுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

கருமாதி அன்று வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். பெயர், ஊர், போன் நம்பர், அப்பத்தாவை எப்படித் தெரியும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். அந்த நோட்டுதான் பின்னால் நீங்கள் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு வழி காட்டும்.

2. 21 நாளுக்குள்: இறப்புப் பதிவு

புத்தகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்தச் சான்றிதழில் என்ன பெயர், என்ன வயது விழுகிறதோ அதுதான் வாரிசுச் சான்றிதழ், வங்கி, பட்டா என்று எல்லாக் காகிதத்திலும் போய் உட்காரும். அவருடைய வாழ்க்கைக்கு அரசாங்கம் தரும் கடைசிக் காகிதமும் அதுதான், பிழையில்லாமல் இருக்கட்டும்.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை சின்னத் தாமதக் கட்டணம். அதைத் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருஷத்தைத் தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். கிராமத்தில் வீட்டில் இறந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அங்கிருந்தே தகவல் போகும், ஆனால் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இறந்தவரின் ஆதார், ரேஷன் கார்டு, தகவல் கொடுப்பவரின் ஆதார், வைத்தியம் பார்த்த டாக்டரின் சான்று இவற்றின் நகல்களை மூன்று மூன்றாக எடுத்துக்கொண்டு போங்கள்.

பொறி எங்கே என்றால், பெயரில். எங்கள் அப்பத்தா பெயர் ரேஷன் கார்டில் "அம்மாள்" என்று முடியும், ஆதாரில் "அம்மா", பழைய பத்திரத்தில் பாதிப் பெயர் மட்டும். எது வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் பொருந்துகிறதோ அதையே கொடுங்கள். எழுதிய பிறகு, அச்சாவதற்கு முன்னால், எழுத்து எழுத்தாக வாசியுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். நாங்கள் வாசிக்காமல் வாங்கி வந்து, ஒரு எழுத்துக்காகத் திருத்தம் போட்டு, இரண்டு மாதம் அலைந்தோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், சேவைக் கட்டணம் 60 ரூபாய். அது தனி வேலை, இங்கே விரிவாகச் சொல்லவில்லை.

3. திதியை இப்போதே பாருங்கள்

நாங்கள் செய்த பெரிய தப்பு இது. தலைத்திவசம் என்றால் இங்கிலீஷ் தேதிப்படி மார்ச் தொடக்கம் என்று மனதில் வைத்து அச்சகத்துக்கு நாள் சொல்லியிருந்தோம். தை மாதம் பஞ்சாங்கம் பார்த்தால் தேய்பிறைத் திதி 11 நாள் முன்னாடியே வந்து நிற்கிறது. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், அதனால் திதி ஒவ்வொரு வருஷமும் நகரும். பெரியவர்களுக்கு இது தெரியும், எங்களுக்குத் தெரியவில்லை. முதல் மாதத்திலேயே பஞ்சாங்கம் தெரிந்தவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: அச்சுக்கு 15 நாள், புரூஃப் பார்க்க ஒரு மாதம், எழுத மூன்று மாதம், பேச்சைப் பதிவு செய்ய மூன்று மாதம்.

தேவிபட்டினத்திலோ சேதுக்கரையிலோ ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலோ காரியம் செய்து அங்கேயே புத்தகம் கொடுக்கலாம் என்று நினைத்தால், தை அமாவாசை ஒட்டிய நாள்களை விட்டுவிடுங்கள். கூட்டத்தில் எதுவும் நடக்காது.

4. ஐயாவிடம் முதலில் போய் உட்காருங்கள்

பிள்ளைகளுக்குத் தெரிந்த அம்மா வேறு, பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த அப்பத்தா வேறு. பதினெட்டு வயதுப் பெண்ணாக அவரைப் பார்த்த ஆள் வீட்டில் ஒருவர்தான் மிச்சம், அவர் கணவர், எங்கள் ஐயா. அவருக்கும் 90 வயது. அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் கருமாதிக்கு முன்னால் தொந்தரவு செய்யவும் வேண்டாம், ஒரு மாதமாவது விடுங்கள்.

காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் நல்ல நேரம். ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்து, மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வாசலில் உட்கார்ந்து பதிவு செய்தால் கடல் காற்று மைக்கில் மோதி ஒன்றும் கேட்காது, உள் திண்ணைதான் சரி. கூட ஒரு ஆள் போதும். அத்தைமார் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஐயா பேசவே மாட்டார், அவர்கள்தான் பேசுவார்கள்.

"அப்பத்தாவைப் பத்திச் சொல்லுங்கய்யா" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல, நல்லவ" என்று முடித்துவிடுவார். முதல் இரண்டு நாள் எங்களுக்கு அதுதான் நடந்தது. மூன்றாம் நாள் அப்பத்தாவின் வெற்றிலை உரலைக் கையில் கொடுத்து, இது எங்கே வாங்கியது என்று கேட்டேன். உரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் நகத்தளவு ஒரு வெட்டு இருந்தது, அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே 40 நிமிஷம் பேசினார். உரல் வாங்கிய சந்தையில் ஆரம்பித்து, அப்பத்தா தலையில் கருவாட்டுக் கூடையோடு ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து ஊர்களுக்கு நடந்து போய், காசு இல்லாத வீட்டில் நெல்லும் முண்டு மிளகாயும் மாற்றி வாங்கி வந்தது வரை. "பேரச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்ல ஆத்தா. 'இந்தா'ம்பேன். அவளும் 'இந்தாங்க'ம்பா. அவ்வளவுதான்" என்றார். அதனால் பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். என்ன குழம்பு வைப்பார், எந்த வழியாக நடந்தார், யாரோடு சண்டை, எந்தப் பண்டிகைக்கு என்ன சேலை என்று ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள்.

பதிவு செய்த அன்றே கோப்புக்குத் தேதியும் பெயரும் வைத்து இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். எங்கள் பதிவுகளில் ஒரு முழு நாள், போன் தண்ணீரில் விழுந்ததில் போய்விட்டது.

5. வயதையும் வருஷங்களையும் கண்டுபிடிப்பது

ஆதாரில் அப்பத்தாவின் பிறந்த தேதி 01/01/1945. இந்தத் தேதியை நம்ப வேண்டாம். 01/01 என்றோ 01/07 என்றோ இருந்தால், பதிவு செய்த அன்று யாரோ உத்தேசமாகப் போட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஆனால் அப்பத்தாவே "நான் வெகுதானிய வருஷம் மாசியில பிறந்தவ" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வெகுதானிய என்பது 1938 சித்திரையில் தொடங்கி 1939 பங்குனியில் முடிந்த வருஷம், ஆக அவர் பிறந்தது 1939 பிப்ரவரி, மார்ச் வாக்கில். ஆறு வருஷ வித்தியாசம். அரசாங்கக் காகிதத்தில் ஆதார்படியே இருக்கட்டும், குழப்பாதீர்கள். புத்தகத்தில் அவர் சொன்னதைப் போடுங்கள்.

தமிழ் வருஷப் பெயர் தெரியாதவர்களுக்கு நம் கரையில் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது, அது புயல். 1964 டிசம்பர் 22 ராத்திரி, குரோதி வருஷம் மார்கழி. தனுஷ்கோடி அழிந்த அந்த ராத்திரியை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. "புயலடிச்சப்ப பெரியவ தத்தித் தத்தி நடந்தா" என்று ஐயா சொன்னார், அப்படியானால் பெரிய அத்தை பிறந்தது 1963 கடைசி. இப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் கேளுங்கள்: புயலுக்கு முன்னா பின்னா, பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த 1988-க்கு முன்னா பின்னா, 2004 சுனாமி அன்று எங்கே இருந்தீர்கள். ஒரு நீளத் தாளில் கோடு போட்டு எழுதிக்கொண்டே வந்தால் முக்கால்வாசி வந்துவிடும்.

காகிதத்தில் தேட வேண்டியவை: பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, நிலப் பத்திரம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், 1975-க்குப் பிறகான பதிவுகள் பெரும்பாலும் கிடைக்கும். 2002, 2005 வாக்காளர் பட்டியல்களும் தலைமைத் தேர்தல் அதிகாரி இணையதளத்தில் இருக்கின்றன, வீட்டில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று அதில் தெரியும், வயது மட்டும் உத்தேசம்தான். 1985-க்கு முந்தைய காகிதங்களில் சிவகங்கை, விருதுநகர் பக்கத்து ஊர்களும் ராமநாதபுரம் மாவட்டம் என்றே இருக்கும், தப்பு என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

6. படங்கள்

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பழைய படத்தைப் பிரிக்காதீர்கள். உப்புக் காற்றில் வருஷக்கணக்காக இருந்ததில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும், பிரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு, ஜன்னல் வெளிச்சத்தில், சாய்த்து வைத்துப் படமெடுத்தால் போதும். தனியாக இருக்கும் சின்னப் படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

அப்பத்தாவைத் தனியாக எடுத்த படம் அறுபது வயதுக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. எல்லா வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். அதனால் மற்றவர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஓரங்களைப் பாருங்கள். ஒரு சித்தப்பா கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஆரத்தித் தட்டைப் பிடித்த ஒரு கையும், காதில் தொங்கும் தண்டட்டியும் மட்டும் தெரிகிறது. அந்தக் கை யாருடையது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் படத்துக்குப் புத்தகத்தில் முழுப் பக்கம் கொடுத்தோம்.

7. எழுதுவது

ஒருவர் எழுதட்டும், மற்றவர்கள் சொல்லட்டும். ஆளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுத்தபோது எல்லாரும் "பொறுமையின் சிகரம், அன்பின் உருவம்" என்றே எழுதி வந்தார்கள். அப்பத்தா பொறுமைசாலியே கிடையாது. கோபம் வந்தால் தெருவே கேட்கும், ஆனால் பசி என்று வந்து நின்றவர்களை ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. அதை அப்படியே எழுதினால்தான் அவர் தெரிவார். அவர் பேசிய சொல்லையும் திருத்தாதீர்கள். கச்சான், கொண்டல், வாடை என்று அவர் காற்றைச் சொன்னால் அப்படியே போடுங்கள், வெளியூரில் வளரும் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

வம்சாவளிப் பக்கம்தான் சண்டை வரும் இடம். மருமக்கள் பெயர், பேரன் பேத்தி வரிசை, பிரிந்து போனவர்கள் என்று எல்லாம் இதில் வரும். ஒரு தாளில் அச்செடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லி, ஓரத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்படிச் செய்தும் நாங்கள் ஒரு பெரிய விஷயத்தில் தப்புச் செய்துவிட்டோம். ஆறு பிள்ளைகள் என்று எழுதியிருந்தோம். ஐயாவிடம் வாசித்துக் காட்டியபோது கையைக் காட்டி நிறுத்தினார். "எட்டுப் புள்ள பெத்தவ ஆத்தா அவ. ஆறுன்னு போட்டுறாத." பெரிய அத்தைக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள். மூத்த பையன் நாற்பது நாள்தான் இருந்தான், அடுத்த பெண் இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் அப்பாவுக்கே அந்தப் பெண்ணின் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதனால் எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால், ஐயா இருந்தால், முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை.

8. டைப்பிங், புரூஃப்

யூனிகோடில் டைப் செய்து கொடுங்கள், ஆனால் சில அச்சகங்கள் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை செய்கின்றன. மாற்றும்போது கொம்பு இடம் மாறும், "ஸ்ரீ" உடையும். எந்த எழுத்துரு என்று முதலிலேயே கேளுங்கள். புரூஃப் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், தாளில். போனில் பிடிஎஃப் பார்த்து ஓகே சொன்னதால்தான் எங்கள் சின்ன அத்தை பெயரில் ஒற்றுப்பிழை வந்தது.

9. அச்சும் செலவும்

300 பிரதிக்குக் கீழே என்றால் டிஜிட்டல் அச்சு, அதற்கு மேல் என்றால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். பக்கங்களை 16-இன் மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் பைண்டிங் வேண்டவே வேண்டாம். நம் கரையில் ஒரே மழைக்காலத்தில் பின் துருப்பிடித்துத் தாளையும் தின்றுவிடும். நூல் தைத்த பைண்டிங் கேளுங்கள், சில ரூபாய் கூடுதல்தான். அட்டைக்கு லேமினேஷன் அவசியம். மார்கழி, தை மாதங்களில் காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை வேலை அச்சகங்களில் குவிந்து கிடக்கும், அதனால் கார்த்திகைக்குள் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு ஆனது: 43 படம் ஸ்கேன் 1,290 ரூபாய், இரண்டு கல்யாண வீடியோ கேசட்டை மாற்ற 800, டைப்பிங் 2,560, அட்டையும் பக்க வடிவமைப்பும் 2,000, 64 பக்கத்தில் 150 பிரதி 14,250, மதுரையிலிருந்து கொண்டுவர 600. மொத்தம் 21,500. ஆறு வீடும் சமமாகப் போட்டுக்கொண்டோம். பணத்தைத் தொடக்கத்திலேயே வாங்கி ஒருவர் கணக்கு வையுங்கள், திவசச் செலவோடு கலக்காதீர்கள்.

10. கொடுத்த பிறகு

150-இல் 20 பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள், எங்களுக்கு அன்றைக்கே கிட்டத்தட்ட தீர்ந்துபோனது. கருமாதி நோட்டைப் பார்த்து, அப்பத்தா கருவாடு கொடுத்த ஊர்களுக்கும் பத்துப் பிரதி கொண்டு போனோம். குரல் பதிவுகளையும் ஸ்கேன் படங்களையும் இரண்டு பென்டிரைவில் போட்டு இரண்டு வீட்டில் வைத்திருக்கிறோம், ஒன்று கடற்கரையை விட்டுத் தள்ளி.

கடைசியில் நாலு பக்கம் வெறுமனே விடுங்கள். வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை அதில் எழுதட்டும். எங்கள் வீட்டுப் பிரதியில் முதலில் எழுதியது சின்ன அத்தை. 41-ஆம் பக்கத்தில் நாங்கள் போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் எலுமிச்சை அளவு புளி என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேனா கேட்டு வாங்கி எழுதினார்: "அம்மா நெல்லிக்காய் அளவுதான் போடும். மீதிப் புளிப்புக்கு மாங்காய்."